கேள்வி கேட்காத வகுப்பு

சார்ட்டைக் காணோம்.

மேஜைக்குக் கீழே, அலமாரிக்குப் பின்னால், கடைசியில் தன் டிபன் பைக்குள்ளும் கையை விட்டுத் தேடிவிட்டாள் பிளாரன்ஸ் டீச்சர். ஸ்டேட்மென்ட், கொஸ்டின், கமாண்ட், எக்ஸ்க்ளமேஷன் என்று ஆங்கில வாக்கிய வகைகளைக் கலர் கலராக எழுதிய சார்ட், வீட்டில் ஃப்ரிட்ஜ் தலையில் சுகமாகப் படுத்திருந்தது.

வாசலில் காரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார் தளவாய், நிர்வாகம் அனுப்பிய அதிகாரி. அவர் தலையசைத்தால் அவளுக்கு வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால் புருஷனுக்குக் கடல் இல்லை. "உன் ஆர்டரக் கண்ணுல காட்டு. அன்னைக்கே சங்கு குளிக்கிறத விட்டுருதேன்" என்று மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் செய்திருந்தான் அம்புரோஸ்.

தம்பி ரெக்சனுக்குப் போன் போட்டாள்.

"ஏலே, எங்கன இருக்க?"

"கரையில. போட்டு கிளம்பப் போவுது."

"வீட்டுல ஃப்ரிட்ஜ் மேல சார்ட்ட சுருட்டி வச்சிருக்கேன். எடுத்துட்டுப் பறந்து வா."

"அத்தான் பொறுமை தெரியும்லா? பூசையில சாமியார் ஆமென் சொல்லுததுக்கு முந்தி வெளிய வந்து நிக்க ஆளு."

"நிக்கட்டும். நீ இல்லாம இறங்கிருவாவளாக்கும்?"

முத்துக் குளித்த காலத்திலிருந்து அந்தக் கரையில் அதுதான் சட்டம். தண்ணீருக்குள் இறங்குகிறவனின் கயிற்றை அவன் மச்சான்தான் பிடிக்க வேண்டும். ஊரான் கை அசந்துபோகும். கூடப் பிறந்தவள் தாலி மறுமுனையில் தொங்கும்போது மச்சான் கை அசராது. பெண் பார்க்க வந்த அன்று அம்புரோஸ், பெண்ணை விட்டுவிட்டு ரெக்சனின் புஜத்தைத்தான் உற்று உற்றுப் பார்த்தான்.

தளவாய் வந்து உட்கார்ந்தார். "இரண்டாம் வகுப்புதானே? ஒரு ஸ்டேட்மென்ட் சொல்லச் சொல்லுங்க."

சார்ட்டின் மூலைகளைப் பார்த்தே ஒப்பித்துப் பழகிய பிள்ளைகள், வெறும் சுவரைப் பார்த்தார்கள். சுவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் மூச்சிரைக்க நுழைந்தாள் டயானா. அம்புரோஸ் போகும் படகை ஓட்டுகிறவரின் மகள்.

"ஏளா, ஏன் லேட்டு?"

"போட் கோயிங், டீச்சர்! ஐ சீ!"

"ஸ்டேட்மென்ட்!" என்று துள்ளினார் தளவாய். "நடுவுல ஒண்ணு ரெண்டு விட்டுப்போச்சு. பரவாயில்ல."

பிளாரன்ஸுக்குப் போன உயிர் பாதி திரும்பியது. மீதி, உப்புத் தண்ணீர் சொட்டும் அரைக்கால் சட்டையும் சுருட்டிய தாளுமாக, ரெக்சன் உருவத்தில் வாசலில் வந்து நின்றது.

தாளை அதிகாரியே வாங்கி விரித்தார். முறுக்கிய மீசையோடு பிளாரன்ஸின் பெரியப்பா படத்தில் சிரித்தார். மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'.

"என்ன இது?"

ரெக்சனை எரித்துவிடுவதுபோல் பார்த்துவிட்டு, பிளாரன்ஸ் அதிகாரி பக்கம் திரும்பினாள். "இதுவும் ஸ்டேட்மென்ட்தான் சார். ஹி இஸ் டெட்."

"ம்ம். எக்ஸ்க்ளமேஷன்?"

அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இழவு வீடு பார்க்காத பிள்ளை அந்த வகுப்பில் கிடையாது. "அய்யோ! எங்கள விட்டுட்டுப் போயிட்டியளே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒரே குரலில் ஓலம். பக்கத்து வகுப்பு டீச்சர் யாருக்கு என்ன என்று பதறி ஓடி வந்தார்.

"அக்கா, நான் வாரேன். அத்தான் காத்துக் கெடப்பாவ" என்று நழுவினான் ரெக்சன்.

"அடுத்து கமாண்ட்" என்றார் தளவாய்.

கண்ணில் பட்டது தம்பிதான். இழுத்து நடுவில் நிறுத்தினாள். "சில்ட்ரன், இந்த மாமாவுக்குக் கமாண்ட் குடுங்க!"

"சிட் டவுன்!"

கடலில் ஆள் எடையைத் தூக்குகிற உடம்பு, குட்டி பெஞ்சில் மடங்கி உட்கார்ந்தது.

"ஸ்டாண்ட் அப்!"

எழுந்தான். பெஞ்சும் கூடவே எழுந்தது. தளவாய்க்குச் சிரிப்பில் கண்ணாடி கழன்றது. பெஞ்சை உதறிவிட்டு வாசலைப் பார்த்து நகர்ந்தவனைப் பிளாரன்ஸ் அதட்டினாள்.

"ஏலே, அசையாத!"

"அதுவும் கமாண்ட்தான்" என்றார் தளவாய், மூக்கில் கண்ணாடியை மாட்டியபடி. "கடைசியா கொஸ்டின். ஒரு பிள்ளை ஒரு கேள்வி கேட்கட்டும்."

வகுப்பு கல்லாகச் சமைந்தது. 'கேள்வி கேக்காத, எழுது' என்று பிளாரன்ஸே வருடம் முழுக்க அதட்டி வளர்த்த வகுப்பு. யாரைப் பார்த்தாலும் அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது.

"நான் போறேங்க்கா" என்று முனகினான் ரெக்சன்.

"வாய மூடுல. என் பொழப்பே இதுலதான் இருக்கு."

தளவாய் இரக்கப்பட்டார். பேனாவைத் திறந்தார். "தமிழ்ல கேட்டாலும் போதும் டீச்சர். ஒரே ஒரு கேள்வி. இப்பவே கையெழுத்துப் போட்டுருதேன்."

வந்ததிலிருந்து ரெக்சனையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்த டயானா, மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"கேளு தங்கம், கேளு!" பிளாரன்ஸ் ஓடிப்போய் அவள் பக்கத்தில் குனிந்தாள்.

"டீச்சர், அம்புரோஸ் மாமாவும் நான் பாத்த போட்டுலதான் போனாவ. ரெக்சன் மாமா இங்கன நிக்காவ. அப்பம் அங்கன கயிற யாரு பிடிக்கா?"