லெமினேட் மாமாவின் வழக்கு

அகராதியோடு சண்டை பிடித்து, அதே அகராதியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைந்த மனிதர் இந்த உலகத்திலேயே லெமினேட் மாமா ஒருவர்தான்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சாவுக்கும் சாமிக்கும் பறை அடிப்பவர் அவர். நான் கணினிப் படிப்பு முடித்துத் தலவாக்கலையில் ஒரு போட்டோகொப்பி கடையில் வேலை பார்த்தேன். ஒருநாள் மூச்சிரைக்க வந்து நின்றார்.

“பாப்பா, டிவி இங்கிலீசு நியூஸ்ல ஏதோ ஒரு நாட்ட எங்க சாதிப் பேரச் சொல்லி வையிறான். என்னன்னு பாரு.”

இணையத்தில் ஆங்கில அகராதியைத் திறந்து பார்த்தேன். ‘பரையா’. பொருள்: சமூகம் ஒதுக்கி வைத்த ஆள். மூலம்: தமிழ், பறை அடிப்பவர். வாசிக்கும்போதே எனக்குக் காது சுட்டது.

“அடிச்சது நானு. ஒதுக்குனது அவனுங்க. ஒதுக்குனவன் பேரு அதுல எங்க?”

அதில் இல்லை. பக்கத்தை அச்செடுக்கச் சொன்னார், லெமினேட் பண்ணச் சொன்னார், அடையாள அட்டை மாதிரி தொங்கவிட்டார். அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் போயிற்று. பஸ் கண்டக்டர், வாத்தியார், தபால்காரர், யாரையும் வாசித்துக் காட்டாமல் விடவில்லை. பல் பிடுங்கப் போன இடத்தில், டாக்டர் “வாயைத் திறங்க” என்றதும் வாசிக்கத் தொடங்கிவிட்டாராம்.

பிறகு மாரியம்மன் திருவிழா வந்தது. கோயில் கமிட்டித் தலைவர் வீட்டில் எல்லாருக்கும் கண்ணாடி கிளாசில் தேத்தண்ணி. மாமாவுக்கு மட்டும் வாசலுக்கு வெளியே, காகிதக் கப்பில். வருடா வருடம் அப்படித்தான். கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு நானும் அதை ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை. என் மேல் எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது.

மாமா கப்பைக் கீழே வைத்தார். பறையைத் தோளிலிருந்து கழற்றினார்.

“கிளாஸ் வந்தா கை எழும்பும்.”

“நீ அடிக்காட்டி அம்மன் நகராதாய்யா?” தலைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “போன்ல போடுங்கடா!”

போனில் பறை முழங்கியது. பல்லக்கில் அம்மன் நாலு அடி நகர்ந்தாள். நடுவில் ஷாம்பு விளம்பரம் வந்தது. முன்னால் தூக்கியவர்கள் நின்றார்கள். பின்னால் தூக்கியவர்கள் நிற்கவில்லை. அம்மன் தலைவர் வீட்டு வேலிமேல் சாய்ந்துவிட்டாள்.

“மாமா, அடிங்க மாமா!” தூக்கியவர்கள் கத்தினார்கள்.

“கிளாஸ்.”

தலைவரின் மனைவி, கணவர் பக்கம் திரும்பாமலே கிளாசோடு வந்தார். “குடிங்கண்ணே. சூடா இருக்கு.”

மாமா ஊதி ஊதிக் குடித்தார். அம்மன் சாய்ந்தபடியே காத்திருந்தாள்.

மறுநாள் கடைக்கு வந்தார். “அடுத்தது அகராதிக்காரன். லெட்டர் போடு பாப்பா.”

போட்டேன். பதில் இல்லை. மாதம் ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன், அர்த்தம் மாறவில்லை. மாறும் நாளுக்கென்று ஒரு லெமினேட் உறையும், அவர் கழுத்துக்கு அளந்து வெட்டிய கயிறும் என் மேசை லாச்சியில் இருக்கின்றன.