தளும்ப ஊற்றிய கிண்ணம்

பேரன்புக்குரிய உல்ஜான் அக்காவுக்கு,

காரகோலிலிருந்து தங்கை பெர்மெத் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம். ஓஷில் அத்தான், வாதுமை மரம், உன் மூட்டுவலி மூவரும் நலமா?

எங்கள் பாலாடைக்கட்டி ஆலையில் புதிதாக வருகிறவர்களை வரவேற்று வேலை பழக்குவது என் பொறுப்பு என்று உனக்குத் தெரியும். இந்த ஆண்டு வந்த மூன்று பேரும் ஒரு வாரத்துக்குள் போய்விட்டார்கள். முதலாளி எர்மெக் என்னைக் கூப்பிட்டு, "பெர்மெத் அக்கா, நீங்க ஆள வரவேக்கிறீங்களா, வழியனுப்புறீங்களா? நாலாவது ஆளும் போயிட்டா, இந்தப் பொறுப்ப கிடங்கு தாலாய்கிட்ட குடுத்துருவேன்" என்றார். தாலாயா! அவன் நலம் விசாரித்தாலே மாடு மிரளும்.

ஆகவே தலைநகரிலிருந்து வந்த கையேட்டை மூன்று முறை படித்தேன். 'புதியவர் எதையும் கேட்டு வாங்கும்படி வைக்கக் கூடாது' என்றது. திங்கட்கிழமை, பால் சோதிக்கும் வேலைக்கு நாரினிலிருந்து சைக்கால் வந்தாள். நாற்காலி, வெள்ளை அங்கி, அலமாரிச் சாவி, கழிவறை எந்தப் பக்கம் என்பது வரை அவள் வாய் திறக்கும் முன்பே சொல்லிவிட்டேன் (நான் சேர்ந்த அன்று யாரும் சொல்லாததால் மதியம் வரை அடக்கிக்கொண்டிருந்ததை இன்னும் மறக்கவில்லை), பிறகு தேநீர், அதையும் இரண்டாம் முறை கேட்க வைக்கக் கூடாதே என்று கிண்ணத்தின் விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்துவிட்டு வெண்ணெய் எடுக்கப் போனேன், வந்து பார்த்தால் கிண்ணம் காலி, அங்கி மடித்து மேசைமேல், ஆளைக் காணோம்.

நாலாவது ஆளும் போச்சு! ஓடினேன் அக்கா, நாற்பத்தாறு வயதில், ரப்பர் பூட்ஸோடு, கையில் வெண்ணெய்க் கட்டியோடு. பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தாள்.

"ஏம்மா கிளம்பிட்ட?"

"நீங்கதானே அக்கா போகச் சொன்னீங்க."

"நான் எப்பச் சொன்னேன்?"

"கிண்ணத்துல தளும்பத் தளும்ப ஊத்துனீங்களே! எங்க ஊர்ல வேண்டாத விருந்தாளிக்குத்தான் அப்படி ஊத்துவாங்க, குடிச்சிட்டு இடத்தக் காலி பண்ணுன்னு. இங்க எப்படி?"

"இங்கயும் அதேதான், கையேட்டப் படிச்சதுல மறந்தே போச்சு" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த வெண்ணெ எனக்கா?"

திரும்ப அழைத்து வந்து இரண்டு விரல் உயரமாக ஊற்றினேன். குடித்தாள். மறுபடி ஊற்றினேன். பதினோரு முறை. எர்மெக் எட்டிப் பார்த்து, "பால் சோதன என்னாச்சு?" என்றார். "வரவேற்பே இன்னும் முடியல" என்றேன். இன்றோடு ஒன்பது நாள், சைக்கால் இருக்கிறாள். கையேடு ஒன்றை மறந்துவிட்டது: கொஞ்சமாக ஊற்றினால்தான், மறுபடி ஊற்ற நாம் பக்கத்திலேயே இருப்போம்.

என் வாழ்க்கையில் கிண்ணம் தளும்பியது அந்த ஒரே முறைதான். உன் மரம் காய்க்கட்டும், முழங்கால் மடங்கட்டும், அத்தான் வாய் மூடட்டும்.

அன்புத் தங்கை,
பெர்மெத்

பி.கு.: உறையை ஒட்டும்போதுதான் நினைவு வந்தது. வசந்தத்தில் பத்து நாள் தங்குவதாக வந்த நீ, மறுநாளே மூட்டுவலி என்று புறப்பட்டாயே. அன்று காலை ஆலைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் உனக்கு எவ்வளவு ஊற்றினேன்? 'ஒரே முறை' என்று மேலே எழுதியதை அடித்துவிடு. அக்கா, மூட்டுவலி நிஜமாகவே இருந்ததா? சைக்காலுக்காக ஓடினவள் உனக்காக ஓடவில்லை. வா. இரண்டு விரல் உயரம்தான் ஊற்றுவேன்.