நடக்கிற பறவைக்கு ஒன்பது அடி வேலி

கூச்சப்படுகிற ஆளை நம்பி யாரும் பறவையை விட்டுப் போகக் கூடாது. பறவை வளர்ப்பவனுக்கு ஆயுளில் ஒரு தடவையாவது வாய்விட்டுக் கத்தத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு நாற்பத்தொன்பது வயதாகியும் தெரியவில்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால்கூட "நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சம். வேறு யாராவது இறங்குவார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடப்பேன். (பழவேற்காடுதான் கடைசி நிறுத்தம். அதனால் வீட்டுக்கு வரும்போது தப்பித்துவிடுவேன். வெளியே போகும்போதுதான் கால் வலிக்கும்.)

எங்கள் வீட்டில் இரண்டு லவ் பேர்ட்ஸ் இருந்தன. என் மனைவி கஸ்தூரி பொன்னேரியில் வாங்கி வந்தவை. பச்சை நிறத்தில் இருந்தது எந்நேரமும் சுவர்ப் பூச்சைக் கொத்திக் கொட்டியதால் அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தாள். நீல நிறத்துக்குக் குமாரி. கஸ்தூரி நோயில் விழுந்து, இனிமேல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய அன்று, பாயில் படுத்தபடி கூண்டைப் பார்த்தாள்.

"அத்தத் தொறந்து வுடுய்யா. இந்த வூட்ல நான் ஒருத்தி மொடங்கிக் கெடக்குறது போதாதா?"

திறந்தேன். கூண்டைச் சுத்தியால் அடித்துத் தட்டையாக்கச் சொன்னாள். அடித்தேன். (சொன்னதைச் செய்வதில் நான் கெட்டிக்காரன். சொல்லாததைச் செய்யும்போதுதான் கெடுதல் வரும்.)

எங்கள் வீடு ஒரே கூடம், ஒட்டினாற்போல் ஒரு சமையலறை. கூடத்தின் முன்பாதியில் ஒரு ஃபேன். பறவைகள் சுதந்திரமாகப் பறக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்த ஃபேன் சுற்றவில்லை. சித்திரை வெயிலில் நான் சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனால், "வாணாம், எனக்குக் குளிருது" என்பாள். கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருக்கும். வைகாசியில் போய்விட்டாள்.

என் மகள் வினோதினிக்குச் சென்னையில் காலேஜ் கிடைத்தது. போக மாட்டேன் என்று பத்து நாள் சாதித்தாள். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள்.

"ரெண்டையும் அடைச்சு வெக்கக் கூடாது. ரெண்டுக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது. அம்மாதான் போயிடுச்சு. இதுங்களையும் வுட்டுட்டேன்னா அப்புறம் நான் இந்த வூட்டுக்கு எதுக்கு வரணும்? நீயே சொல்லு நைனா."

தலையை மட்டும் ஆட்டினேன். அதன் பிறகு தினமும் காலையில் பறவைகளைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்புவேன். அவள் ஒரு கட்டைவிரலை அனுப்புவாள். என்னைப் பற்றி அவள் கேட்டதில்லை. நானும் என்னைப் படத்தில் சேர்த்ததில்லை. லீவுக்குக்கூட அவள் வராமலே, இப்படி ஒரு வருஷம் ஆகப் போனது.

கஸ்தூரியின் முதல் வருஷப் படையலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் அக்கா அஞ்சலை வந்து கூடத்தின் நடுவில் நின்று மேலே பார்த்தாள்.

"முப்பது பேர் வருவாங்கடா. இந்த வெயில்ல ஃபேன் போடாம உக்கார வெச்சீன்னா, இன்னும் நாலு பேருக்குச் சேத்துப் படையல் போட வேண்டியதுதான்."

பறவைகள் பறக்க வேண்டும், ஃபேனும் சுற்ற வேண்டும். வினோவுக்குச் செய்தி அனுப்பினேன். அவள் பேசிப் பதிவு செய்து அனுப்பினாள்: "கூடத்த ரெண்டாத் தடுத்துடு நைனா. ஃபேன் ஒரு பக்கம், அதுங்க ஒரு பக்கம். மேலேருந்து தரை வரைக்கும் சந்தே இருக்கக் கூடாது. சின்னக் கண்ணு கம்பி வலை வாங்கு. டைட்டாக் கட்டு. அதுங்க கண்ணுக்குத் தெரியுற மாதிரி கலர் துணி முடிஞ்சு வுடு. கேட்டுச்சா?"

பதினோரு தடவை போட்டுக் கேட்டேன். "கேட்டது" என்று பதில் அனுப்பினேன். அது பொய்யில்லை.

பொன்னேரிக்குப் போனேன். ஹார்டுவேர் கடையில் ஏழெட்டுக் கொத்தனார்கள், இரண்டு காண்டிராக்டர்கள். கடைக்காரர் எல்லார் தலைக்கும் மேலாக என்னைப் பார்த்து, "உனக்கு இன்னாண்ணே?" என்றார்.

"கம்பி வலை."

"இன்னா சைஸு? எதுக்கு? கோழிக்கா, ஜன்னலுக்கா?"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வீட்டுக் கூடத்தில் இரண்டு பறவை பறக்கிறது, அவற்றுக்கு ஃபேன் படாமல் இருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "இல்ல... ஒரு பூட்டு" என்றேன். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். (வீட்டில் ஏற்கெனவே மூன்று பூட்டு இருந்தது. திருட ஒன்றும் இல்லை.)

அன்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் அந்த அருமையான யோசனை வந்தது. வலைக்காகக் கடைக்கு அலைகிறேனே, நான் யார்? முப்பது வருஷமாக ஏரியில் மடவை மீன் பிடிக்கிறவன். புது வலைக்குக் கயிறு கோர்க்க ஊரில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் கட்டிய வலையில் பட்டது திரும்பிப் போகாது என்று எனக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்திருக்கலாம். யோசிக்கவில்லை.

படையல் அன்று விடியற்காலையில் நரம்பு வலையை எடுத்துக் கட்டினேன். தண்ணீரில் போட்டால் மீன் கண்ணுக்கே தெரியாத வலை. கூடத்தின் அகலம் பத்தடி. நான் எடுத்த வலை பதினெட்டு அடி. ஏனென்றால் எங்கள் தொழிலில் வலையை விறைப்பாகக் கட்ட மாட்டோம். விறைப்பாக இருந்தால் மீன் முட்டிவிட்டுத் திரும்பிவிடும். மடிப்பு மடிப்பாகத் தளர்ந்து தொங்க வேண்டும். அப்போதுதான் முட்டிய மீன் உதற உதறச் சுற்றிக்கொள்ளும். டைட்டாகக் கட்டு என்று மகள் சொன்னதை, மேல்கயிற்றை டைட்டாகக் கட்டு என்றே என் தலை எடுத்துக்கொண்டது. மேலே மிதவைகள், கீழே ஈயக்குண்டுகள், எல்லாம் வைத்தபடியே ஒன்பது அடி உயரத்துக்குத் தொங்கவிட்டேன். கலர் துணி முடியவில்லை. துக்க வீட்டில் தோரணம் மாதிரி இருக்குமே என்று கூச்சம். தள்ளி நின்று பார்த்தேன். வலை இருப்பதே தெரியவில்லை. வருகிறவர்கள் யாரும் "இது இன்னா?" என்று கேட்க மாட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் மகள் சொன்ன அத்தனை காரியத்தையும் தலைகீழாகச் செய்து முடித்திருப்பது எனக்கு உறைக்கவில்லை.

மேஸ்திரியும் குமாரியும் பின்பாதியில் கொடிக்கயிற்றில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் வர அவற்றுக்கு ஒரு வேலையும் இல்லை.

பத்து மணிக்குள் முப்பது பேர் முப்பத்தைந்தானார்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு ஃபேன் கடகடவென்று தூசியை உதிர்த்துவிட்டுச் சுற்றியது. கஸ்தூரி படத்துக்கு முன்னால் வாழை இலை போட்டு, சுறாப்புட்டு, இறால் தொக்கு, வடை, பாயசம் எல்லாம் அக்கா படைத்தாள். கஸ்தூரியின் அண்ணன் தேசப்பன் கற்பூரம் ஏற்றப் போனார்.

அப்போது வாசலில் வினோ வந்து நின்றாள். தோளில் பை. மூன்று பஸ் மாறி வந்த முகம். யாரையும் பார்க்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, "மேஸ்திரி!" என்றாள்.

ஒரு வருஷமாக அந்தக் குரலை நேரில் கேட்காத பறவை. கயிற்றிலிருந்து எழும்பியது. நேராக அவளை நோக்கி வந்தது.

வலை தன் வேலையைச் செய்தது.

எந்த மடவையும் அவ்வளவு ஒழுங்காகப் பட்டதில்லை. தலை ஒரு கண்ணியில், இறக்கை இன்னொன்றில். அது உதறியது, நான் விட்டிருந்த எட்டடித் தளர்ச்சியும் வந்து அதைச் சுற்றிக்கொண்டது. பின்னால் வந்த குமாரி வலையில் தொற்றிக்கொண்டு கிறீச்சிட்டது.

கூடத்தில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் மீன் பிடிக்கிறவர்கள். வலையில் ஒன்று பட்டுவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. எழுந்துவிட்டார்கள்.

"இழுக்காத, இழுக்காத! பின்னாலேருந்து தள்ளு!"

"செவுளு எங்க மாட்டியிருக்குன்னு பாருடா மொதல்ல."

"செவுளா? றெக்கைடா அது!"

"எதுவா இருந்தா இன்னா, முன்பக்கமாத்தான் உருவணும்."

வினோ பையைப் போட்டுவிட்டு இலையைத் தாண்டி ஓடி வந்து மேஸ்திரியை இரண்டு கையிலும் பொத்திக்கொண்டாள். "நைனா, கத்திரி! கத்திரி எடு!" என்றாள். நான் கத்திரியைத் தேடி ஓடினேன். அதற்குள் தேசப்பன், நல்ல எண்ணத்தில்தான், "நகருங்க, வலையையே எறக்கிட்டா தீந்துச்சு" என்று மேல்கயிற்றைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். படகில் வலை இழுத்த கை. ஆணிகள் பெயர்ந்தன. பதினெட்டு அடி வலையும் மிதவையும் ஈயமும் கூடத்தின் மேல் விழுந்தன. பாயசத்தில் ஈயக்குண்டு விழுந்து தெறித்தது. அக்காவின் கொண்டையில் இரண்டு மிதவை மாட்டிக்கொண்டன. "எவன்டா அவன் என்னப் புடிக்கிறவன்?" என்று அவள் கத்தினாள். கஸ்தூரியின் படமும் வலைக்குள்தான் இருந்தது. பொட்டும் சிரிப்புமாக, கண்ணிக்குக் கண்ணி தெரிந்தாள்.

குமாரி மட்டும் வெளியே வந்துவிட்டது. மேலே எழும்பியது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போது நான் கத்தியிருக்க வேண்டும். "ஃபேனை நிறுத்து" என்று இரண்டே வார்த்தை. சுவிட்சுக்குக் கீழேயே நாலு பேர் நின்றார்கள். ஆனால் முப்பத்தைந்து பேர் இருந்த கூடம் அது. என் வாயிலிருந்து "ஃபே" என்று ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். ஓடப் பார்த்தேன், காலில் என் வலையே மாட்டி, படையல் இலை மேல் குப்புற விழுந்தேன். முழங்கை சுறாப்புட்டில். வினோதான் மேஸ்திரியைப் பிடித்தபடியே முழங்கையால் சுவிட்சை இடித்து நிறுத்தினாள். குமாரி ஃபேன் இறக்கைகளுக்கு ஒரு சாண் கீழே புகுந்து, ஒரு வட்டம் அடித்து, திறந்திருந்த வாசல் வழியாகப் போய்விட்டது.

கொஞ்ச நேரம் மின்கம்பியில் உட்கார்ந்திருந்தது. சோறு தின்ன வந்தவர்கள் எல்லாம் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து விசில் அடித்தார்கள், தட்டில் தினையை வைத்து ஆட்டினார்கள். காக்கைகள் வந்தன. நீலமாக ஒரு புள்ளி ஏரிப் பக்கம் போனது. பிறகு எல்லாம் ஒரே வெளிச்சமாக இருந்தது. யாரும் "வந்துடும்" என்று சொல்லவில்லை. தண்ணீரைத் தெரிந்த ஜனம்.

வலையைக் கத்திரித்து எடுத்த மேஸ்திரியைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு நானும் வினோவும் பொன்னேரி மாட்டாஸ்பத்திரிக்கு பஸ் ஏறினோம். திருப்பாலைவனம் தாண்டும் வரை அவள் துப்பட்டா மடிப்பை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். என் சட்டையில் சுறாப்புட்டு வாடை. ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. பஸ் நகர்ந்தது.

"நிறுத்துய்யா வண்டிய!"

கத்தியது நான்தான். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டிரைவர் போட்ட பிரேக்கில் ஒரு கூடை நண்டு உருண்டது.

வினோ என்னைப் பார்த்தாள். "இப்பக் கத்து" என்றாள்.

டாக்டர் நல்ல மனிதர். அன்றைக்குப் பார்த்த நாலு எருமைக்குப் பிறகு இதைப் பார்த்தார். இறக்கையை மடித்துக் கட்டுப் போட்டார். "உயிருக்கு ஒண்ணுமில்ல. ஆனா பறக்காதும்மா" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வினோ மெதுவாகக் கேட்டாள்: "எத்தினி அடி வலை எடுத்த?"

"பதினெட்டு."

"பத்தடிக்கா?"

"ஆமா."

"தடுப்புக் கட்டச் சொன்னா, மீன் புடிக்கக் கட்டியிருக்கியே நைனா." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அத்தை கொண்டைல மிதவை..." என்றாள். தோள் குலுங்கியது. "அம்மா இருந்தா சிரிச்சிருக்கும்" என்றாள். அவளும் சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரிக்கப் போனேன். அவள் முகத்தைப் பார்த்தேன். நிறுத்திக்கொண்டேன்.

அவள் நாலு நாள் லீவு போட்டாள். அதே ஹார்டுவேர் கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் அதே மாதிரி, "எதுக்கும்மா?" என்றார்.

"வூட்ல பறவை பறக்குது. ஃபேன் பக்கம் போவாம தடுக்கணும்ணே."

"அப்ப அரை இஞ்சு கண்ணு எடுத்துக்கோ. முனையெல்லாம் உள்ள மடிச்சு அடி, கால்ல குத்தாது."

அவ்வளவுதான். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மரச்சட்டம் அடித்து, கம்பி வலையை விரலால் சுண்டினால் சத்தம் வரும் அளவுக்கு இழுத்துப் பிடித்து, தரையிலிருந்து கூரை வரை ஒன்பது அடிக்குக் கட்டினாள். சாணுக்கு ஒன்றாக என் பழைய சிவப்பு லுங்கியைக் கிழித்து முடிந்தாள். நான் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். (சொன்னபடி.) பழவேற்காட்டில் அப்படி ஒரு தடுப்பு எந்த வீட்டிலும் கிடையாது. அதற்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு பறவை, நடந்துகொண்டிருந்தது.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. இன்றைக்கும் கல்யாணமோ காதுகுத்தோ, என்னைப் பார்த்ததும் தேசப்பன் ஆரம்பித்துவிடுவார்: "இன்னா மாப்ள, இன்னிக்குக் கூடத்துல இன்னா பட்டுச்சு?" அக்கா யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் மேலே கையை வீசிப் பார்ப்பாள். "நடக்குற பறவைக்கு ஒம்போது அடி வேலி கட்டுன வூடு" என்றால் பஸ் ஸ்டாண்டில் யார் வேண்டுமானாலும் எங்கள் வீட்டுக்கு வழி சொல்வார்கள். வினோவே ஹாஸ்டலில் இந்தக் கதையை நடித்துக் காட்டுவாளாம். "ஃபே" என்று நான் கத்தியதுதான் அதில் முக்கியமான இடமாம்.

போன லீவில் வந்திருந்தபோது தடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மேஸ்திரி சுவர் ஓரமாக நடந்து போய்ப் பூச்சைக் கொத்திவிட்டு, திரும்பி நடந்து வந்தது.

"ரெண்டடி போதுமே நைனா. மீதிய கழட்டிடலாமா? காத்து நல்லா வரும்."

"இருக்கட்டும்."

"அதான் பறக்காதே."

"பறந்துட்டா?" என்றேன்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். உச்சியில் அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்த ஒரு லுங்கித் துண்டைப் பிடித்து, மறுபடியும் இறுக்கி முடிந்தாள்.