மில்லை விட்டுப் போன ஆந்தைகள் பற்றி அத்தைக்கு ஒரு பாதி வாக்குமூலம்

பெருமதிப்பிற்கும் சிறு பயத்திற்கும் உரிய அத்தை அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகள், அதாவது குடும்பத்தில் இரண்டாவதாகப் பிறந்தும் திட்டு வாங்குவதில் முதலிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள், பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு அப்பா, அம்மா, அண்ணன், மாவு மில், மில்லை ஓட்டும் மிஷின்காரர் ஆகிய அனைவரும் நலம். எலிகள் மிக மிக நலம். அவற்றின் நலம் அளவு மீறிப் போய்விட்டதால்தான் இந்தக் கடிதம். காட்டில் நீங்களும், உங்கள் கூடாரமும், நீங்கள் எண்ணி முடிப்பதற்குள் இடம் மாறிவிடும் மிருகங்களும் நலமாக இருக்க விரும்புகிறேன்.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். வாரத்துக்கு ஒரு நாள் பாறை மேல் ஏறி நின்றால்தான் உங்களுக்கு சிக்னல். நீங்கள் ஏறி முடிப்பதற்குள், குடும்பக் குரூப்பில் நான் எழுதியதை அப்பா படித்து, அம்மாவுக்கும் வாசித்துக் காட்டி, தீர்ப்பும் சொல்லி முடித்திருப்பார். ஆகவே தபால். தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும். பாறை மேல் வேண்டாம்.

விஷயம் ஆந்தை. ஆந்தை இல்லை, கூகை என்று திருத்துவீர்கள். எனக்கும் தெரியும், வெள்ளை மூஞ்சி, சத்தமில்லாத இறக்கை, எல்லாம் பாடம் எடுத்திருக்கிறீர்கள். ஆனால் அத்தை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஆந்தை உட்காருகிற அழகில் கூகை உட்கார மாட்டேன் என்கிறது, நான் என்ன செய்ய. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க வந்தப்ப, எலி மருந்து வைக்கப் போன அப்பா கையைத் தட்டிவிட்டு, குடோன் பின்சுவர்ல ஒரு மரப்பெட்டி அடிச்சு, இதுல ஒரு ஜோடி வந்து தங்கும், எலியை அதுங்க பாத்துக்கும், அதுங்களை நீ பாத்துக்கோன்னு அப்பாகிட்ட சொல்லிட்டுப் போனீங்க. வந்துச்சு. தங்குச்சு. எலியையும் பாத்துக்கிச்சு. ராத்திரி ஷிப்ட், லீவு கேக்காது, டீ கேக்காது. மிஷின்காரருக்கே கொஞ்சம் பொறாமை. அந்த ஜோடி பெட்டியைக் காலி பண்ணிட்டுப் போய் ரெண்டு மாசம் ஆச்சு அத்தை. குஞ்சுங்க அதுக்கு முன்னாடியே பறந்து போயிருந்துச்சு, அது ஒண்ணுதான் ஆறுதல். காரணம் நான்.

நான்னா முழுசா நான் இல்ல. பாதிப் பழி உங்களுக்கு. கொம்பன் ஆந்தை கூவுறதைக் காட்டுல ரெக்கார்ட் பண்ணிக் குரூப்ல போட்டது யாரு? கீழ ஒரு முழத்துக்கு விளக்கமும் எழுதியிருந்தீங்க. ஒரு குடும்ப ரகசியம் சொல்றேன், மனசைத் தேத்திக்கோங்க: நீங்க எழுதுறதை இங்க யாரும் கீழ வரைக்கும் படிக்கிறதில்ல. மேல ரெண்டு வரி, ஒரு கட்டைவிரல் படம், முடிஞ்சுது. உங்களுக்குக் காய்ச்சல்னு எழுதினதுக்கும் அப்பா கட்டைவிரலைத்தான் தூக்கிக் காட்டினார். நானும் விளக்கத்தை விட்டுட்டு குரலை மட்டும் கேட்டேன். ஏதோ பூதம் அண்டாவுக்குள்ள தலையை விட்டுப் பெருமூச்சு விடுற மாதிரி, பூ...ஊம், பூ...ஊம்னு. கேட்ட அடுத்த நிமிஷம் எனக்கு அண்ணன் ஞாபகம் வந்தா அது என் தப்பா? குடோனுக்கு மேல இருக்கிற ரூம்ல பரீட்சைக்குப் படிக்கிறேன்னு புத்தகத்தைத் தலைக்கு வெச்சுத் தூங்குறவன் அவன். பழைய போன் ஒண்ணை அவன் ஜன்னலுக்கு வெளிய, தண்ணிக் குழாய்க்குப் பின்னாடி சொருகி, இருட்டத் தொடங்குற நேரத்துக்குத் தானா கூவுற மாதிரி வெச்சேன். முதல் நாள் அலறுவான்னு கீழ காத்துக்கிட்டிருந்தேன், ஒண்ணும் நடக்கல. ரெண்டாம் நாள் சத்தத்தைக் கூட்டினேன். அஞ்சாம் நாள் போனைத் தகர டப்பாவுக்குள்ள இறக்கி, மில்லே அதிர்ற மாதிரி விட்டேன். பையன் படி இறங்கி வந்தான், கொட்டாவி விட்டான், காபி இருக்கான்னு கேட்டான். மிஷின் சத்தத்துக்காகக் காதுல பஞ்சு வெச்சிருக்கான்னு அப்பத்தான் பாத்தேன். இன்னும் ரெண்டு வாரம் விட்டுப் பாத்துட்டு, தோல்வியை ஒத்துக்கிட்டு போனை எடுத்துட்டேன். ஆனா காதுல பஞ்சு இல்லாத ரெண்டு பேர் பின்சுவர்ல குடியிருந்தாங்கங்கிறதை நான் யோசிக்கல.

பெட்டி காலின்னு தெரிஞ்ச அப்புறம்தான் உங்க விளக்கத்தைக் கடைசி வரைக்கும் படிச்சேன். கொம்பன் கூகையையே பிடிச்சுத் தின்னுமாம்; அது குரல் கேக்கிற பக்கம் கூகை எட்டிக்கூடப் பாக்காதாம். இவ்வளவு முக்கியமானதை முதல் வரியில எழுதக் கூடாதா அத்தை?

அப்புறம் என்ன. ஒரு வாரம் எலிங்களுக்கு நம்பிக்கை வரல. சந்தேகப்பட்டு சுவரோரமாவே ஓடிப் பாத்துச்சு. வேட்டையாடுற பிராணி தின்னுறது பாதி வேலைதான், அது இருக்கேங்கிற பயம் மீதி வேலையைப் பாத்துக்கும்னு நீங்க சொன்னப்ப நான் நகத்தைக் கடிச்சுக்கிட்டிருந்தேன், இப்ப புரியுது. பயம் போனதும் பட்டப்பகல்ல முற்றத்துக்கு நடுவுல குடும்பத்தோட நடந்து போகுது, அவசரமே இல்லாம. மூட்டைக்கு அடியில ஓட்டை, பெல்ட்ல பல்லு, சல்லடைத் துணியில ஜன்னல். மிஷின்காரர் ஒரு மூட்டையை அது மேல உக்காந்திருந்த எலியோட சேர்த்தே எடை போட்டுட்டார். பேக்கரிக்காரர் போன் பண்ணி, இந்தத் தடவை மாவுல கறுப்பா ஏதோ விதை கலந்திருக்கே, நல்லாத்தான் இருக்கு, பேர் என்னன்னு கேட்டார். பதில் சொல்றதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சுன்னு அப்பா சொன்னார். கட் பண்ணினதே அப்பாதான்.

முதல்ல பசை அட்டை வாங்கி வெச்சார். அதுல மாட்டினது அப்பாவோட ரெண்டு செருப்பு, மிஷின்காரரோட ஒரு செருப்பு, அண்ணனோட பரீட்சை ஹால் டிக்கெட். அப்புறம் பின்தெரு தையல்காரர்கிட்ட பூனையை இரவல் வாங்கினார். வந்த அன்னைக்கே அது ஆபீஸ் ரூம்ல நாற்காலியைப் பிடிச்சு உக்காந்துட்டதால மேனேஜர்னு பேர் வெச்சோம். மேனேஜர் எலியைத் தொடல. அதெல்லாம் ஓட வேண்டிய வேலை. சுவர்ல சும்மா ஒட்டிக்கிட்டிருந்த பல்லிங்களை ஒண்ணொண்ணா தின்னு தீர்த்துச்சு. நல்லதுதானேன்னு அம்மா நினைச்சாங்க. பத்தே நாள்ல மாவுல வண்டு, கோதுமையில புழு, விளக்கைச் சுத்திப் பூச்சி. அதுங்களை அதுவரைக்கும் தின்னுக்கிட்டிருந்தது பல்லிங்கதான்னு யாருக்குத் தெரியும்? உங்களுக்குத் தெரியும். எதுக்கும் ஒரு வரி எழுதியிருப்பீங்க, எங்கயோ கீழ.

இந்த லட்சணத்துல உணவு இன்ஸ்பெக்டர் லைசன்ஸ் புதுப்பிக்க வந்தார். தலைக்கு வலைத் தொப்பி, கையில ஃபைல். அப்பா பழைய லைசன்ஸை எடுக்க டிராயரைத் திறந்தார். லைசன்ஸ் வந்துச்சு, கூடவே அதோட ஒரு மூலையை வாயில வெச்சிருந்த எலியும் வந்துச்சு. இன்ஸ்பெக்டர் ரொம்ப மரியாதையான மனுஷன், கத்தல. நாற்காலியில இருந்த மேனேஜரைப் பாத்தார், மேனேஜர் அவரைப் பாத்துக் கண்ணை மூடிக்கிச்சு. மறுபடி வர்றேன், அன்னைக்கும் இப்படியே இருந்தா சீல் வெக்கிறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டார். அவர் வர்ற நாள் வர்ற வியாழக்கிழமை.

அன்னைக்கு அப்பா யாரையும் திட்டல அத்தை. எனக்கு அதுதான் பிடிக்கல. எடை மெஷின் மேலயே உக்காந்துட்டார். முள்ளு அவர் எடையைக் காட்டிக்கிட்டு நின்னுச்சு, வழக்கத்தைவிடக் கம்மியா. உங்க அக்காவுக்கு எழுதிக் கேக்கலாமான்னு அம்மா மெதுவா கேட்டாங்க.

"வேண்டாம். வாழ்க்கையில அக்கா என்னை நம்பி ஒப்படைச்சது அந்த ஒரு பெட்டியைத்தான். அதைக்கூடப் பாத்துக்கத் தெரியலன்னு எப்படிச் சொல்றது?"

நான் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டேன். அப்பவே உள்ள போய்ச் சொல்லியிருக்கணும்.

சொல்றதுக்குப் பதிலா சரி பண்ணிடலாம்னு பாத்தேன். உங்க பழைய பதிவுகள்ல கூகை ஜோடியைக் கூப்பிடுற குரலைத் தேடி எடுத்து, பெட்டிக்குக் கீழ நின்னு விட்டேன். அந்தக் குரல் எப்படின்னு உங்களுக்குத் தெரியும். துருப்பிடிச்ச கதவும் கோபக்காரக் குழந்தையும் ஒண்ணா அலறுற மாதிரி. மில்லுல யாரோ யாரையோ கழுத்தை நெரிக்கிறாங்கன்னு தையல்காரர் புகார் கொடுக்க, போலீஸ்காரர் ஒருத்தர் பைக்ல வந்து இறங்கினார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, பொண்ணு ஆந்தையைக் கூப்பிடுது சார்னு உண்மையைச் சொன்னார். போலீஸ்காரர், கூப்பிட்டா வருமான்னு கேட்டார். அந்த நேரம் பாத்து இருட்டுக்குள்ள இருந்து பதில் வந்துச்சு: பூ...ஊம். என் போன் என் கையில இருக்கு அத்தை. குழாய்க்குப் பின்னாடி இருந்த பழைய போன் என் பைக்குள்ள இருக்கு, அணைஞ்சு. மறுபடியும் பூ...ஊம். போலீஸ்காரர் விசாரணையை வெளிச்சத்துல வெச்சுக்கலாம்னு சொல்லி பைக்ல ஏறி மிதிச்சார்.

ஆகவே நான் கண்டறிந்த விஞ்ஞான உண்மை: என் போன் குரலைக் கேட்டு ஒரு நிஜக் கொம்பன் வந்து இங்கயே குடியேறிடுச்சு. தினமும் அதே நேரத்துக்குக் கூவுது, கடிகாரம் தோத்துப் போகும். அது இருக்கிற வரைக்கும் நம்ம ஜோடி திரும்பாது. ஜோடி திரும்பலன்னா எலி போகாது. எலி போகலன்னா வியாழக்கிழமை மில்லுக்குப் பூட்டு. அதனால உங்க கால்ல விழுந்து கேட்டுக்கிறேன், எண்ண வேண்டிய மிருகத்தை எல்லாம் அப்புறம் எண்ணிக்கலாம், வலையோ கூண்டோ எடுத்துக்கிட்டு இந்தக் கொம்பனைப் பிடிச்சுட்டுப் போக உடனே கிளம்பி வாங்க. அப்பாகிட்ட, சும்மா பாத்துட்டுப் போக வந்தேன்னு சொல்லிடுங்க. அவரைத் திட்ட வேண்டாம். திட்டுறதா இருந்தா என்னைத் தனியா மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போய்த் திட்டுங்க, எனக்குப் பழக்கம்தான்.

கூடாரத்தில் உள்ள மற்ற பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், உங்களுக்குப் பயப்படாத மிருகம் ஏதாவது இருந்தால் அதற்கு என் பாராட்டையும் தெரிவிக்கவும். உங்கள் ஆசியையும், அது கிடைக்காவிட்டால் மன்னிப்பையும் எதிர்பார்க்கும்,

உங்கள் அருமை (என்று நீங்கள் ஒரு காலத்தில் சொன்ன) மருமகள்

பின்குறிப்பு: வர வேண்டாம்.

மேல இருக்கிறதை ஞாயிற்றுக்கிழமை எழுதி, தபால்ல போடச் சொல்லி அண்ணன்கிட்ட கொடுத்தேன். இன்னைக்கு வெள்ளி. அவன் போடல, பிரிச்சுப் படிச்சுட்டான். திங்கட்கிழமை என் முன்னாடி வந்து நின்னு, "அந்தக் கொம்பன் நான்தான்" னான். பஞ்சு வெறும் நடிப்பு. முதல் நாளே என் போனைக் கண்டுபிடிச்சு, அதே குரலை அவன் போன்ல ஏத்தி, என் ஜன்னலைப் பாத்து வெச்சிருக்கான், நான் அலறணும்னு. கேட்டதெல்லாம் என்னோடதுன்னு நினைச்சு நான் அலறவே இல்ல. நான் எடுத்த அப்புறமும் அவன் எடுக்கல, சத்தத்தை மட்டும் குறைச்சு வெச்சிருந்தான்; போலீஸ்காரர் வந்த அன்னைக்குத்தான் மறுபடி கூட்டினானாம். நிஜக் கொம்பன் வந்திருக்குன்னு நான் வீடு பூராவும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சதைப் பாக்க அவ்வளவு நல்லா இருந்துச்சாம். ஆக, மேல 'நான்'னு வர்ற இடத்துல எல்லாம் 'நாங்க'ன்னு படிச்சுக்கோங்க, 'நிஜக் கொம்பன்'னு வர்ற இடத்துல 'உங்க மருமகன்'னு படிச்சுக்கோங்க.

ரெண்டு பேரும் சேர்ந்து போய் அப்பாகிட்ட கடிதத்தைக் கொடுத்தோம். வாழ்க்கையில முதல் தடவையா ஒண்ணைக் கடைசி வரி வரைக்கும் படிச்சார். எல்லாப் போனையும் வாங்கி ஒரு டின்னுக்குள்ள போட்டு மூடி, அது மேல ஏறி உக்காந்துட்டார். செவ்வாய்க்கிழமை இருட்டுற நேரம் பெட்டி மேல வெள்ளையா ஒண்ணு. புதன்கிழமை ரெண்டு. எதிர்த்தெரு தண்ணித் தொட்டி மேல இத்தனை நாள் ஒண்டிக் குடித்தனம் இருந்திருக்குங்க.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் சாயங்காலமாத்தான் வந்தார். ரெண்டு நாள்ல எலி தீர்ந்துடுமா, இருந்துச்சு. முற்றத்துல மேஜை போட்டு அவர் எழுத ஆரம்பிச்சார், அப்பா பக்கத்துல நின்னார். இன்ஸ்பெக்டர் முழங்காலை ஒட்டி வெள்ளையா ஏதோ போச்சு, ஒரு சின்னச் சத்தம்கூட இல்ல. அவர் ஷூ பக்கத்துல இருந்த எலியைக் காணோம். ஷூவைப் பாத்தார், சுவரைப் பாத்தார், பெட்டியைப் பாத்தார். அது உங்களோடதான்னு கேட்டார்.

"எங்க அக்காவோடது" ன்னார் அப்பா.

இன்ஸ்பெக்டர் எழுதின தாளைக் கிழிச்சுட்டு வேற எழுதினார்: மூணு மாசம் மில் ஓடலாம், அதுக்கப்புறம் மறுபடி பாக்கப்படும், பின்சுவரில் உள்ள பெட்டியை அகற்றக் கூடாது. அப்பா அதை நாலு தடவை படிச்சார்.

எங்களுக்கு இன்னும் தண்டனை சொல்லலையேன்னு நிம்மதியா இருந்தோம். இன்னைக்குச் சாப்பிடுறப்ப சொன்னார், லீவு விட்டதும் எங்க ரெண்டு பேரையும் உங்க காட்டுக்கு அனுப்பி வைக்கிறாராம். அம்மா பதறிப் போய், அங்க சிறுத்தையெல்லாம் திரியுமேன்னாங்க.

"அதுக்குத்தான்" ன்னார் அப்பா.