தவளைக்கு அடியில் சாவி இருந்த வீடும் என் லைசென்ஸும்

மரியாதைக்குரிய மார்லிஸ் அக்காவுக்கு,

தம்பி வெர்லின் பணிவுடன் எழுதுவது. நீங்களும் டெல்பர்ட் அத்தானும் அரிசோனா வெயிலில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் கோரினும் நலம். குளிரில் மரத்துப்போன மூக்கு நுனி தவிர மற்ற பாகங்கள் எல்லாம் வேலை செய்கின்றன. நீங்கள் அனுப்பிய கள்ளிச்செடி வந்து சேர்ந்தது. நம் ஊர்ப் பனியை ஜன்னல் வழியாகப் பார்த்த அன்றே அது தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. நிற்க.

என் லைசென்ஸ் தப்பிவிட்டது, அக்கா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதிக் கடிதத்தில் நீங்கள் பிரஷர் மாத்திரையைத் தேடப் போய்விடுவீர்கள். வீடு வீடாகப் போய் அளந்து, இந்த வீடு இன்ன விலை பெறும் என்று பாங்குக்கு எழுதிக் கொடுப்பதைத் தவிர எனக்கு வேறு எந்தத் தொழிலும் தெரியாது. லைசென்ஸ் போனால் கோரினின் தம்பியுடைய வான்கோழிப் பண்ணைதான் கதி. அவன் வேறு ரொம்ப அக்கறையாக, விசாரணைக்கு முன்பே எனக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கி வாசலில் வைத்துவிட்டுப் போனான். தினமும் காலையில் கதவைத் திறந்தால் அந்த பூட்ஸ் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

நடந்தது இதுதான். ஜனவரியில் பாங்கிலிருந்து ஒரு வேலை வந்தது. மேப்பிள் தெருவில் திருமதி லிண்டால் வீடு, பச்சை வீடு, ஆள் இல்லையென்றால் பின்வாசல் தவளைப் பொம்மைக்கு அடியில் சாவி. நான் போன அன்று முட்டளவு பனி, வீட்டு நம்பரெல்லாம் பனிக்குள் போய்விட்டது, பச்சை வீடு தெரிந்தது, பின்வாசலில் தோண்டினேன், தவளை இருந்தது, தவளைக்கு அடியில் சாவியும் இருந்தது, இதற்குமேல் ஒரு மனுஷன் எதைச் சரிபார்ப்பான் சொல்லுங்கள், அந்தத் தெருவில் பாதிப் பேர் ஒரே கடையில் தள்ளுபடியில் தவளை வாங்கியது எனக்கு எப்படித் தெரியும்? பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் சோபாவில் ஒருத்தர் படுத்துத் தூங்குகிறார். சரி, அந்த அம்மாளின் அண்ணனாக இருக்கும் என்று, சத்தம் போடாமல் அவரோடு சேர்த்தே ஹாலைப் படம் எடுத்தேன். பளிச்சென்று வெளிச்சம் அடித்ததும் விழித்துக்கொண்டார்.

"வாங்க" என்றார்.

"நீங்க எந்திரிக்காதீங்க. நான் பாட்டுக்கு அளந்துட்டுப் போயிடறேன்."

"காபி சாப்பிடறீங்களா?"

"ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"இதுல என்னங்க சிரமம், போட்டதே இருக்கு."

அப்புறம் அவரே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மாடி, படுக்கையறை, நிலவறை என்று எல்லா இடத்துக்கும் கூட வந்தார். பெயர் பெட்ரி. மனைவி கார்ப்பெட்காரரை வரச் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் யார் என்று அவர் கேட்கவில்லை, அவர் யார் என்று நானும் கேட்கவில்லை. காபி குடித்தாயிற்று, எலுமிச்சைக் கேக் இரண்டு துண்டு தின்றாயிற்று, அதற்கப்புறம் எந்த முகத்தோடு கேட்பது, அக்கா? போகும்போது பக்கத்து வீட்டு ஜன்னலில் ஒரு அம்மாள் கையசைத்தார். நானும் அசைத்தேன். அவர்தான் திருமதி லிண்டால் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வீடும் பச்சைதான். எனக்காகக் காபி போட்டு வைத்துக்கொண்டு, நான் தப்பான வீட்டுக்குள் போனதையும் பார்த்துவிட்டு, கூப்பிட்டால் எனக்குச் சங்கடமாக இருக்குமே என்று பேசாமல் இருந்திருக்கிறார்!

என்மேல் யாரும் புகார் கொடுக்கவில்லை, அதுதான் வேடிக்கை. கூரை மாற்ற லோன் கிடைத்த சந்தோஷத்தில் அந்த அம்மாள் உரிம வாரியத்துக்கு போன் போட்டு என்னைப் புகழ்ந்திருக்கிறார். "எங்க வீட்டுக்கு மாடியே கிடையாது, இருந்தாலும் மாடியில ரெண்டு ரூம்னு போட்டிருக்கார், எவ்வளவு பெரிய மனசு! லோன்தான் கொஞ்சம் ஜாஸ்தியா வந்துடுச்சு, அதை யார்கிட்ட திருப்பிக் கொடுக்கணும்?" அவ்வளவுதான், எனக்கு ஓலை வந்துவிட்டது.

போன செவ்வாய் தலைநகரில் விசாரணை. ஹாலில் ஹீட்டர் வேலை செய்யவில்லை, எல்லோரும் ஓவர்கோட்டோடு உட்கார்ந்திருக்கிறோம், பேசினால் வாயிலிருந்து புகை வருகிறது. வாரியத் தலைவி ஆர்லீன் வாஸ், சிரித்தால் பல் தேய்ந்துவிடும் என்று பயப்படுகிற ரகம், "ஆளுக்குச் சொல்லியிருக்கு, வந்துடுவாங்க" என்று சமாதானம் சொன்னார். வாரியத்தில் ஐந்து நாற்காலி, ஐந்தாவது காலி. கவர்னர் புதிதாக நியமித்த உறுப்பினருக்கு அன்றுதான் முதல் நாள். கடைசியில் ஒரு தடித்த மனிதர் பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டு வந்தார். "வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம், உக்காருங்க" என்று தலைவியே எழுந்து காபி ஊற்றிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஒல்லி ஆசாமியும் வந்து, அந்த நாற்காலியை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

அரசுத் தரப்பு வக்கீல் டிமார்கோ நியூயார்க்கில் வளர்ந்தவர், எதையும் முகத்துக்கு நேரே கேட்கிற பழக்கம். பெட்ரியைப் பிடித்து உலுக்கு உலுக்கு என்று உலுக்கினார்.

"முன்னப்பின்ன தெரியாத ஆள் உங்க படுக்கையறையை அளக்கறார். நீ யாருய்யான்னு ஒரு வார்த்தை கேக்கலையா?"

"அவரே சொல்லுவாருன்னு இருந்தேங்க."

"சொல்லலையே!"

"பூட்ஸைக் கழட்டிட்டுத்தானே வந்தாரு" என்றார் பெட்ரி, வருத்தமாக. வாரியம் மொத்தமும் தலையாட்டியது. டிமார்கோ கையிலிருந்த பேனாவைக் கீழே போட்டுவிட்டார். சாட்சி சொல்ல வந்த திருமதி லிண்டால், வெறுங்கையோடு வரக்கூடாதென்று சீஸ் உருளைக்கிழங்கு ஒரு பெரிய தட்டு நிறையச் சுட்டுக் கொண்டுவந்திருந்தார். விசாரணையை நிறுத்திவிட்டு எல்லோரும் சாப்பிட்டோம். டிமார்கோவும் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார்.

அந்தப் புது உறுப்பினர் இருக்கிறாரே, அக்கா, அவர்தான் மனிதர்! அதிகம் பேசவில்லை. நடுவில் எழுந்து சுவரில் காற்று வருகிற இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எதையும் தொட்டுப் பார்த்துத்தான் முடிவெடுப்பார் என்று தெரிந்துகொண்டேன். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த வீட்டு ஹீட்டர் எப்படி இருந்துச்சு?"

"பழசுதாங்க, ஆனா நல்லாப் பாத்துக்கிட்டிருக்காங்க. ஃபில்டர் மாத்தி வச்சிருந்தாங்க."

"ஃபில்டர் வரைக்கும் பாத்திருக்கார்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். ஓட்டெடுப்பு நடந்தது. இரண்டு பேர் என் பக்கம், தலைவியும் இன்னொருவரும் எதிர்ப்பக்கம். எனக்குக் காதில் வான்கோழி கத்த ஆரம்பித்துவிட்டது. புது உறுப்பினர் கொஞ்சம் தயங்கி, எல்லோரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்து, என் பக்கம் கையைத் தூக்கினார். தப்பித்தேன்! கோரின் பார்க்கிங்கில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன், கண்ணீர் கன்னத்திலேயே உறைந்துபோனது. பூட்ஸை நேற்றே மச்சான் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

இனி எவன் வீட்டுக் காபியையும், அவன் யாரென்று கேட்காமல் தொடமாட்டேன். இது சத்தியம். அத்தானுக்கு என் வணக்கம், பேரப் பிள்ளைகளுக்கு என் முத்தம். ஆண்டவன் உங்கள் கூரையையும் கூரைக்குக் கீழே இருப்பவர்களையும் காப்பாற்றட்டும்.

என்றும் உங்கள் அன்புத் தம்பி,
வெர்லின்

பி.கு.: நேற்று கவரை ஒட்டுவதற்குள் இங்கே எங்கள் ஹீட்டர் நின்றுவிட்டது. கம்பெனிக்கு போன் பண்ணினேன். கருவிப் பெட்டியோடு வந்து நிற்பது யார்? என் லைசென்ஸைக் காப்பாற்றிய புது உறுப்பினர்! "அன்னைக்கு அங்க ஹீட்டர் பாக்கத்தாங்க வந்தேன். உக்காருங்கன்னாங்க, உக்காந்தேன். எல்லாரும் என்னையே பாத்தாங்க, கையைத் தூக்கினேன்" என்கிறார். பெயர் லெஸ்டர். எனக்கு மயக்கம் வராத குறை. மனசு கேட்காமல் தலைவிக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "தெரியும் வெர்லின்" என்றார் அவர். "ரெண்டாவது கப் ஊத்தும்போதே கருவிப் பெட்டியைப் பாத்துட்டேன். காபி கொடுத்தப்புறம் எப்படிப்பா நீ யாருன்னு கேக்கறது?" அந்த ஒல்லி ஆசாமிதான் நிஜ உறுப்பினராம், தன் நாற்காலியைக் கேட்க அவருக்கும் கூச்சம். ஆகவே அந்த ஓட்டு செல்லாது, அடுத்த மாதம் மறுபடி விசாரணை. பூட்ஸ் இன்று காலை திரும்ப வந்துவிட்டது. மறு விசாரணைக்கு லெஸ்டரை வரவேண்டாம் என்று யாராவது சொல்லியாக வேண்டும், ஆனால் அவர் எலுமிச்சைக் கேக் செய்து கொண்டுவருவதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.