சத்தம் கேட்டால் போய்ப் பார்க்கக்கூடாது

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் சௌக்கியம். மனதளவில் உங்கள் அத்தை மட்டும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை அவள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பிரிக்கவும். என்ன கடிதம் என்று கேட்டால் ஏதோ காப்பீட்டு விஷயம் என்று சொல்லிச் சட்டைப்பைக்குள் தள்ளிவிடவும். காப்பீடு என்றால் அவள் மேற்கொண்டு கேட்கமாட்டாள். என் பெண்ணை எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் நான் பார்த்ததில் நல்ல பேய்ப்படமாகப் பத்து சிபாரிசு செய்யும்படி போன மாதம் எழுதியிருந்தீர்கள். கல்யாணமான புதிதில் நாம் இருவரும் சந்தித்தால் வெயிலைப் பற்றிப் பேசுவோம், அது தீர்ந்ததும் மழையைப் பற்றிப் பேசுவோம், அதுவும் தீர்ந்ததும் ஆளுக்கொரு செய்தித்தாளை எடுத்துக்கொள்வோம். நீங்களும் பேய்ப்பட ரசிகர் என்று தெரிந்த அன்றுதான் எனக்கு உண்மையிலேயே ஒரு மாப்பிள்ளை வந்தார். ஆகவே உங்கள் கடிதம் கிடைத்த அன்றே பட்டியலைத் தொடங்கிவிட்டேன். முதலாவது, தையல் இயந்திரம் தானாக ஓடும் படம், ஐந்து தம்ளர். (நான் மதிப்பெண் போடும் முறை உங்களுக்குத் தெரியும். பயம் தாங்காமல் படத்தை நிறுத்திவிட்டு எத்தனை தம்ளர் தண்ணீர் குடித்தேனோ அதுதான் மதிப்பெண்.) இரண்டாவது, கலங்கரை விளக்கத்தில் இரட்டைக் குழந்தைகள் வரும் படம், பாட்டு நன்றாக இருந்தது, அரைத் தம்ளர், பார்க்காவிட்டாலும் நஷ்டமில்லை. மூன்றாவதை எழுதுவதற்கு முன்னால்தான் அது நடந்தது. பட்டியல் அதோடு நின்றுவிட்டது. இனிமேலும் வராது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உலகத்தில் வேறு யாரிடமும் சொல்ல முடியாது, மாப்பிள்ளை. பேய்ப்படம் பார்க்காதவர்களுக்கு இது புரியாது, பார்ப்பவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்குத் திங்கட்கிழமை விடுமுறை. உங்கள் அத்தை பள்ளிக்கூட அலுவலகத்துக்குப் போனதும் காலை பத்து மணிக்கு, எல்லா ஜன்னலையும் திறந்துவைத்து, வாசல் கதவை மட்டும் தாழிட்டு, மடியில் ஒரு தலையணையோடு உட்காருவேன். இருட்டில் பார்த்தால்தான் ருசி என்று நீங்கள் சொல்வீர்கள். உங்களுக்கு வயது முப்பத்திரண்டு, எனக்கு ஐம்பத்தெட்டு, ரத்த அழுத்த மாத்திரை வேறு. அன்றைக்குப் போட்டது நீங்கள் அனுப்பிய படம்தான்: ஒரு பூட்டு ரிப்பேர்க்காரர், அவர் கடைக்கு மேல்மாடி காலி, ஆனால் மேலிருந்து யாரோ தட்டுகிறார்கள், அவர் ஏணியை எடுக்கிறார். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை படத்தில் பார்த்துவிட்டோம்! சத்தம் கேட்டால் போய்ப் பார்க்கக்கூடாது. போகிறவன்தான் முதலில் காலி. "போகாதேடா முட்டாளே" என்று அந்த ஆளைத் திட்டிக்கொண்டிருந்தேன். தொம், தொம், தொம் என்று மூன்று முறை தட்டியது. ஒலிப்பதிவு பிரமாதம், நம் வீட்டுக் கூரையிலேயே தட்டுகிற மாதிரி இருக்கிறதே என்று மெச்சிக்கொண்டே, இரண்டாவது தம்ளருக்காகப் படத்தை நிறுத்தினேன்.

படம் நின்றது. தட்டுவது நிற்கவில்லை.

மாப்பிள்ளை, எங்கள் மாடியில் குடியிருப்பவர் ஒரே ஒரு அம்மாள். அறுபத்து மூன்று வயது, தனி ஆள், பதிப்பகங்களுக்கு அச்சுப்பிழை திருத்திக் கொடுக்கிறவர். நாங்கள் மாடியம்மா என்போம். அந்த மாடியம்மா திங்கட்கிழமை விடியற்காலையே தங்கை வீட்டுக்குப் போய்விடுவார், வர ஒரு வாரமாகும் என்று உங்கள் அத்தை ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருந்தாள். ஆக, மேலே வீடு காலி. காலி வீட்டிலிருந்து தொம், தொம், தொம். பிறகு ஒரு முனகல். பிறகு கனமான எதையோ தரையில் சரசரவென்று இழுக்கிற சத்தம், என் தலைக்கு நேர் மேலே வந்து நின்றது. மறுபடியும் தொம். உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. உங்கள் அத்தைக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தேன். என்னவென்று சொல்வது? "மாடியில யாரோ தட்டுறாங்க" என்றால், "போய்ப் பாருங்களேன்" என்பாள். போய்ப் பார்க்கக்கூடாது என்பதுதானே இங்கே விஷயமே! போனை வைத்துவிட்டேன். தலையணையால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சோபாவில் முழங்காலைக் கட்டி உட்கார்ந்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். உங்களிடம் மறைக்கவில்லை. நாற்பது நிமிடம்.

அந்த நாற்பது நிமிடமும் தட்டல் விட்டுவிட்டு வந்தது. முதலில் கோபமாக, அப்புறம் கெஞ்சுவது மாதிரி, அப்புறம் மெதுவாக. மெதுவாக ஆக ஆக எனக்குப் பயம் அதிகமாயிற்று. கடைசியில் நின்றே போனது. அப்பாடா என்று தலையணையை எடுத்தேன். அப்போதுதான் மூக்கில் ஏறியது, பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம். எத்தனையோ படம் பார்த்திருக்கிறோம், எதிலாவது நாற்றம் வந்திருக்கிறதா? பேய் கண்ணுக்கும் காதுக்கும்தானே வரும்? பேய் எதற்கு அடுப்பு மூட்டப்போகிறது? அந்த ஒரு கேள்விதான் என்னைச் சோபாவிலிருந்து கிளப்பியது. தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். தைரியம் வந்திருந்தால் குடையைக் கையில் எடுத்துக்கொண்டு போயிருப்பேனா?

பதினெட்டுப் படி. நல்ல வெயில், தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போகிறார்கள். நான் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினேன். மாடியம்மாவின் கதவு சாத்தியிருந்தது, பூட்டு இல்லை. குடை நுனியால் தள்ளினேன். கிறீச் என்றது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எந்தப் படத்தில் எவன் கேட்டாலும் நாம் இரண்டு பேரும் தலையில் அடித்துக்கொள்வோமே, அதையே கேட்டேன்.

"யாரு?"

உள்ளேயிருந்து மெல்லிய குரல்: "நான்தான்."

"நான்தான்னா… யாரு?"

"முதல்ல அடுப்பை அணைங்க சார்!"

ஓடிப்போய் அணைத்தேன். காப்பிக்கு வைத்த தண்ணீர் எப்போதோ வற்றி, பாத்திரத்தின் கைப்பிடி உருகி அடுப்பில் ஒழுகிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே ஜன்னல் திரைச்சீலை. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். தரையில் ஒரு உருவம். தலைவிரி கோலம், சுற்றிலும் தாள்கள், முகம், கை, கழுத்து எல்லாம் ரத்தம். படத்தில் காட்டுகிற ரத்தம் ரொம்பச் சிவப்பு, பார்த்தாலே போலி என்று தெரிகிறது என்று நான் உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! நேரில் அதைவிடச் சிவப்பாக இருந்தது. நான் அலறினேன் மாப்பிள்ளை. அப்படி ஒரு சத்தம் என் தொண்டையில் இருக்கிறது என்று ஐம்பத்தெட்டு வருஷமாக எனக்கே தெரியாது.

"அது மை சார், மை. பாட்டில் கவுந்துடுச்சு" என்றார் மாடியம்மா. "கால்தான் போச்சு."

அவசர வேலை ஒன்று வந்ததால் தங்கை வீட்டுக்குப் போவதை ஒத்திவைத்திருக்கிறார். அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு, மேல் தட்டிலிருந்து அகராதியை எடுக்க முக்காலியில் ஏறியிருக்கிறார். முக்காலி ஒரு பக்கம், அகராதி ஒரு பக்கம், சிவப்பு மை இவர்மேல். கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது. போன் அடுத்த அறையில். விழுந்த இடத்திலேயே தட்டிப் பார்த்தாராம், கத்திப் பார்த்தாராம், கீழே எனக்கு அதுதான் முனகலாகக் கேட்டிருக்கிறது. உடம்பை இழுத்துக்கொண்டு வந்து, எங்கள் கூடத்துக்கு நேர் மேலே படுத்து, அகராதியால் தரையைத் தட்டியிருக்கிறார். ஆயிரத்து நானூறு பக்க அகராதி. தொம் என்று கேட்காமல் என்ன செய்யும்?

என் அலறல் கேட்டு எதிர்வீட்டு பஸ் டிரைவர் ஓடிவந்தார், ஆம்புலன்ஸை அழைத்தார், எல்லாம் மளமளவென்று நடந்தது. இதில் கொடுமை என்னவென்றால், நான் உதவிக்கு ஆள் கூப்பிட்டதாகத்தான் தெரு முழுக்கப் பேச்சு. "என்ன சமயோசிதம் சார் உங்களுக்கு! அந்த மாதிரி குரல் கொடுக்க எல்லாராலயும் முடியாது" என்று டிரைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆஸ்பத்திரியில் டாக்டர், "நல்லவேளை, பக்கத்துல ஒரு நல்ல மனுஷர் இருந்தார்" என்றார். உங்கள் அத்தை என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பார்வையைக் கடைசியாக நான் பார்த்தது உங்கள் கல்யாணத்துக்கும் முன்னால். அவளிடம் போய் எப்படி உண்மையைச் சொல்வேன்?

இதோடு முடிந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்கமாட்டேன். மாவுக்கட்டுப் போட்ட காலோடு மாடியேற முடியாதே என்று உங்கள் அத்தை அவரை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள். ஆறு வாரம். எங்கள் கூடத்தில், நான் தலையணையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே சோபாவில், காலை நீட்டிக்கொண்டு பிழை திருத்திக்கொண்டிருக்கிறார். வந்த அன்றே என்னைக் கேட்டார்:

"நான் தட்டினது உங்களுக்கு எப்ப சார் கேட்டுச்சு?"

"கேட்டதும் வந்துட்டேன்மா."

"அப்படியா" என்றார். குனிந்து தாளைப் புரட்டினார். அவ்வளவுதான்.

அந்த "அப்படியா" இருக்கிறதே, மாப்பிள்ளை, அதற்கு எத்தனை தம்ளர் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. சாப்பாட்டுத் தட்டை நீட்டினால் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்க்கிறார். "ரொம்ப நன்றி சார்" என்கிறார். அதில் 'ரொம்ப'வை ஏன் அழுத்துகிறார்? கடையில் வாடிக்கையாளருக்கு எழுத்துப் பலகையைக் காட்டும்போது கடைசி வரியில் 'அப்படியா' என்று எனக்குத் தெரிகிறது. யாராவது கதவைத் தட்டினால் மற்றவர்களுக்கு முன்னால் நான் ஓடிப்போய்த் திறக்கிறேன். நேற்று ஒருவர் தட்டவே இல்லை, தெருவில் போய்க்கொண்டிருந்தார், அவரையும் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டேன்.

ஆகையால் பேய்ப்படத்துக்கும் எனக்கும் இனி ஒட்டுமில்லை உறவுமில்லை. எனக்குக் கேட்டது பேய் இல்லை, ஒரு மனுஷி. இத்தனை வருஷம் நான் படித்த பாடம் அவரைக் கொன்றிருக்கும். நீங்கள் அனுப்பிய படங்களைத் தனியாகப் பொட்டலம் கட்டி அனுப்புகிறேன். இப்போதைக்கு என்னுடைய ஒரே சிபாரிசு இதுதான்: உங்கள் மாடியில் சத்தம் கேட்டால் போய்ப் பாருங்கள். பயந்துகொண்டேயாவது போங்கள். குடை எடுத்துக்கொண்டு போனாலும் தப்பில்லை, அதைத் தேடிக்கொண்டு நிற்காமல் போங்கள். படித்து முடித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடவும். என் மகளிடமோ உங்கள் அத்தையிடமோ, முக்கியமாக மாடியம்மாவின் காதில் விழும்படியோ, ஒரு வார்த்தை மூச்சு விடவேண்டாம்.

நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல், நல்ல தூக்கத்தோடு, மாடியே இல்லாத வீட்டில் பல்லாண்டு வாழ வாழ்த்தும்,

உங்கள் மாமா

பின்குறிப்பு (வேறு கையெழுத்தில், சிவப்பு மையில்):

ஐயா, வணக்கம். தங்கள் மாமனார் இந்தக் கடிதத்தை நான் திருத்தவேண்டிய தாள்களோடு தவறுதலாக வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். கைக்கு வந்த எதையும் படிக்காமல் விட்டு எனக்குப் பழக்கமில்லை. பதினொரு எழுத்துப் பிழைகள் இருந்தன, திருத்தியிருக்கிறேன். ஒரு தகவல் பிழையும் உண்டு. நாற்பது நிமிடம் அல்ல, ஐம்பத்தைந்து. சுவரில் கடிகாரம் என் எதிரே இருந்தது, பார்க்க வேறு ஒன்றும் இல்லை. கீழே படம் ஓடிக்கொண்டிருந்தது எனக்கு நன்றாகக் கேட்டது. நான் தட்டியதும் அது நின்றது. ஆள் இருக்கிறார், கேட்டுவிட்டார், இதோ வருகிறார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு வந்த ஐம்பத்தைந்து நிமிடத்துக்கு அவர் முறைப்படி எத்தனை தம்ளர் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் படியில் அவர் ஏறிவந்த சத்தமும் எனக்குக் கேட்டது. பதினெட்டுப் படிக்கு ஆறு நிமிடம். அவ்வளவு பயந்துகொண்டு யாரும் என் வீட்டுக்கு வந்ததில்லை. வந்தாரே.

கடிதத்தை நானே ஒட்டி, டிரைவரிடம் கொடுத்துத் தபாலில் சேர்க்கச் சொல்கிறேன். நான் படித்தேன் என்று மட்டும் தயவுசெய்து அவரிடம் சொல்லவேண்டாம். பயந்துவிடுவார்.