பித்தளைக் குண்டுப் பரணி

வாழ்க ஞானசம்பந்த பிள்ளை! பொருநையில் நீராடி, பூசிய நீறு உலருமுன் பள்ளிக்கூடம் புகும் புண்ணியன். அரைகுறை உண்மையை அரவமெனக் கண்டு அஞ்சும் நெஞ்சினன். 'ஆயினும்' என்னும் ஒற்றை அம்பால் எந்த வாக்கியத்தையும் பாதிவழியில் வீழ்த்தவல்ல வில்லாளன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டின் பங்குனி வெயிலிலே, திருநெல்வேலியில் நான்காம் பாரம் என்னும் ஒன்பதாம் வகுப்புக்குப் பௌதிகம் புகட்டிய தற்காலிக வாத்தியார்.

அன்று பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வகுப்பில் வந்து அமர்ந்திருந்தார். பாடம் அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். மூன்று வருஷமாகக் காத்திருந்தார் பிள்ளைவாள், பாவம்.

குளிர்ந்த பித்தளைக் குண்டு இரும்பு வளையத்துள் வழுக்கிச் சென்றது. ஸ்பிரிட் விளக்கில் காய்ந்த அதே குண்டோ, கோட்டை வாயிலில் மறிக்கப்பட்ட பட்டத்து யானைபோல் வளையத்தின் மேலேயே குந்திவிட்டது. 'சூட்டால் பொருள் விரியும்' என்று சொல்லி அந்தக் கணமே அமர்ந்திருந்தால் வெற்றிமுரசு கொட்டியிருக்கும். விட்டாரா மனுஷன்?

"சூட்டால் பொருள் விரியும், ஆயினும்!" என முழங்கினார். பனிக்கட்டியைக் கனவிலும் கண்டிராத நெல்லைச் சீமைப் பிள்ளைகளுக்கு, உறையும் தறுவாயிலுள்ள நீர் சூடேறினால் முதலில் சுருங்கும் என்னும் விலக்கை விரித்தார். அதன் பின்னே சூளையில் சுருங்கும் களிமண்ணும், இழுத்துக் கட்டிய ரப்பரும், விலக்குக்கு விலக்குகளும் தேர்ப்படை காலாட்படையென அணிவகுத்துக் கரும்பலகையெங்கும் புழுதி கிளப்பின. குண்டு ஆறிக்கொண்டிருந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை.

தலைமையாசிரியர் பரமசிவன் பிள்ளை பைய வந்து காதோரம் சீறினார்: "வே, அவரு கடியாரத்தப் பாக்காரு. ஒத்த வரியில சொல்லி முடியும்வே!"

வில்லொடிந்தது. பிறந்தநாள் தொட்டு ஒருபோதும் செய்யாத பாதகத்தை, நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு, 'ஆயினும்' இன்றிச் செய்யத் துணிந்தார் வீரர்:

"சுட்ட குண்டு இவ்வளையத்துள் ஒருக்காலும் நுழையாது!"

டங்! நுழைந்தது, விழுந்தது, உருண்டோடி இன்ஸ்பெக்டரின் காலடியில் சரணடைந்தது.

"ஏலே, குண்டைச் சுட்டா என்ன ஆகும்?" என்றார் அவர், முன்வரிசை மாடக்கண்ணுவிடம்.

"மொதல்ல நிக்கும்யா. பேசிக்கிட்டே இருந்தா விழுந்துரும்."

சபை சிரித்து அதிர்ந்தது. அன்று அந்தப் போர்க்களத்தில் பிழையின்றி உரைக்கப்பட்ட வாக்கியம் அது ஒன்றே என்பதை உணர்ந்த ஒரே உள்ளமாகிய ஞானசம்பந்த பிள்ளை, விம்மிய மார்பும் கலங்கிய கண்ணுமாகக் குனிந்து, வெதுவெதுப்பான குண்டைக் கையிலெடுத்து நிமிர்ந்தார்.

வேலை நிரந்தரமாகவில்லை.